எல்லைக் குன்றும் ஊர் முதல்வரும்

சயான் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் இறங்கி ஏறுவோர் பல்லாயிரவர். அவருள் நிலையத்திற்குக் கிழக்கே நிற்கும் சிறு குன்றின்மேல் ஏறிப் பார்த்தவர் மிகச் சிலரே ஆவர். அடிவாரத்தில் நேருவின் பெயர் தாங்கிய பூங்கா ஒன்று உளது. அதனைக் கடந்து படியேறினால் உச்சியில் இடிந்த சுவர்களுடன் ஒரு பழங்கோட்டை காட்சி தரும். 1669-க்கும் 1677-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஜெரால்டு ஆங்கியர் ஆளுநராக இருந்த காலத்தில், கும்பினியார் எழுப்பிய கோட்டை அது. அந்நாளில் குன்றுக்கு இப்பால் இருந்த பரேல் தீவு ஆங்கிலேயருடையது. உப்பங்கழிக்கு அப்பால் இருந்த சாஷ்டித் தீவு போர்ச்சுக்கீசியருடையது. இரண்டிற்கும் நடுவே காவல் நின்றது இக்குன்று.

மராத்தியர் இவ்வூரைச் 'சீவ்' என்றே அழைப்பர். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். கிறித்தவப் பாதிரிமார் தம் திருநூலில் வரும் சீயோன் மலையின் பெயரை இங்கிருந்த சிற்றாலயத்திற்கு இட்டனர் என்றும், அதுவே ஊர்ப் பெயராயிற்று என்றும் வேறொரு கதை உண்டு. மண்ணின் மக்கள் ஒரு கதை சொல்ல, கடல் கடந்து வந்தவர் மற்றொரு கதை சொல்கின்றனர். ஊர்களின் தோற்றத்தைப் பற்றிய மரபுகள் யாவும் பெரும்பாலும் இப்படித்தான் இரு குரலில் ஒலிக்கின்றன.

நம்மவர்க்கு இது புதிதன்று. மதுரையின் எல்லை எது என்று வங்கியசேகர பாண்டியன் வேண்டியபோது, இறைவன் கையில் அணிந்த பாம்பு நகரைச் சுற்றி வளைந்து, வாலைத் தன் வாயிற் கவ்வி எல்லை காட்டிற்று என்று திருவிளையாடற் கதை கூறும். ஆலவாய் என்னும் பெயர் அதனால் வந்தது என்பர். அதற்கு முன்பே கடம்ப வனத்தில் இலிங்கத்தைக் கண்டு வந்து சொன்னவன் தனஞ்சயன் என்னும் வணிகன். காட்டைத் திருத்தி நகர் எடுத்தவன் குலசேகர பாண்டியன். ஆகவே, வழிப்போக்கனாகிய வணிகன் ஒருவன் கண்ட இடமே பாண்டியரின் தலைநகராயிற்று.

பழைய கிரேக்க நாட்டின் நகரங்களுக்கும் இத்தகைய கதைகள் ஏராளமாக இருந்தன. அந்நாட்டார் அவற்றைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளவில்லை. இந்நிலம் யாருக்கு உரியது, இந்நகரில் யார் குடிமகன், யார் அயலான் என்னும் வழக்குகளிலும் அக்கதைகளைச் சான்றாகக் காட்டினர். சயான் குன்றின்மேல் நின்று தாராவியையும் மாதுங்காவையும் செம்பூரையும் ஒருங்கே நோக்கும்போது, அக்கதைகள் நமக்கும் சில செய்திகளைச் சொல்வதாகத் தோன்றுகிறது.

அரக்கன் தந்த பெயர்

முதலில் மும்பையையே எடுத்துக்கொள்வோம். இத்தீவுகளில் மிகப் பழங்காலந்தொட்டு வாழ்ந்துவரும் கோலி மீனவர் வழிபட்ட தாய் மும்பாதேவி. மும்பாரகன் என்னும் அரக்கன் வரம் பெற்று மக்களை வருத்தினான், தேவர்களின் ஆற்றலிலிருந்து தோன்றிய தேவி அவனை அடக்கினாள், வீழ்ந்தவன் தன் பெயரை அவள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரந்தான், அவளும் இசைந்தாள். இது தலபுராணம். தேவியின் பழைய கோயில் இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தின் பக்கத்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அது பூலேஷ்வர் வட்டாரத்திற்கு மாறிற்று.

தஞ்சையிலும் இதே கதை வழங்குகிறது. தஞ்சன் என்னும் அரக்கன் வீழும்போது வேண்டிக்கொண்டமையால் அவ்வூர் தஞ்சாவூர் ஆயிற்று என்பர். கிரேக்கத்தில் டெல்ஃபி என்னும் தலத்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு நிலத்தைக் காத்துநின்ற பெரும் பாம்பை அப்போலோ தேவன் அம்பெய்து கொன்றான். தலத்திற்குப் 'பைத்தோ' என்னும் பெயரும், தேவனுக்குப் 'பைத்தியன்' என்னும் பட்டமும், குறி சொல்லும் பூசாரிணிக்குப் 'பைத்தியா' என்னும் பெயரும் அப்பாம்பினாலேயே வந்தன என்றனர்.

வென்றவர் வீழ்ந்தவரின் பெயரைச் சுமப்பது ஏன்? புதிதாக வந்த தெய்வமும் புதிதாக வந்த மன்னனும் ஓர் இடத்தில் கால் ஊன்றும்போது, அங்கு முன்பே இருந்தவரை முற்றிலும் துடைத்துவிட இயலுவதில்லை. வாளால் தோற்றவர் ஊரின் பெயரில் எஞ்சியிருக்கின்றனர்.

பீமதேவனும் தீசியுசும்

சயானிலிருந்து மேற்கே சென்றால் மாகிம் வரும். மும்பைத் தீவுகளுக்கு ஊர் முதல்வன் ஒருவனைச் சொல்ல வேண்டுமாயின், மரபு மாகிமில் ஆண்ட பீமதேவனையே சொல்லும். பிம்பராசன் என்றும் அவனை வழங்குவர். அணஹில்வாடாவிலிருந்து வந்த சோலங்கி மரபினன் அவன் என்பர் ஒரு சாரார். தேவகிரி யாதவ மன்னன் இராமதேவனின் மகன் அவன். 1294-இல் அலாவுதீன் கில்ஜி படையெடுத்தபின் கொங்கணக் கரைக்கு வந்து சேர்ந்தான் என்பர் மற்றொரு சாரார். 'மகிகாவதிச்சி பகர்' என்னும் பழைய மராத்தி வரலாற்று ஏட்டில் இச்செய்திகள் விரவிக் கிடக்கின்றன. அதனை ஆராய்ச்சியாளர் ராஜவாடே 1924-இல் பதிப்பித்தார்.

வெறுந்தீவாகக் கிடந்த மாகிமைத் தலைநகராக்கியவன் பீமதேவன். தென்னையைக் கொணர்ந்து நட்டவன் அவன். பல குலத்தாரைத் தன்னுடன் அழைத்துவந்து குடியமர்த்தியவனும் அவனே என்று மரபு கூறும். அவன் யானைகள் கட்டப்பட்ட இடம் 'மாதங்கம்', அதுவே மாதுங்கா. அவன் நீதி வழங்கிய இடம் 'நியாயகிராமம்', அதுவே நாய்காவ் என்றும் பெயர்க் காரணம் காட்டுவர். மாதுங்காவில் குடியிருக்கும் நம் அன்பர்கள், தாம் காய்கறி வாங்கும் தெரு ஒருகால் யானை கொட்டிலாக இருந்திருக்கலாம் என்று எண்ணி மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் இவையெல்லாம் மரபுரைகளே. கல்வெட்டின் உறுதி இவற்றுக்கு இல்லை.

கல்லின் சான்றை விரும்புவோர் போரிவலியை அடுத்த எக்சர் என்னும் ஊருக்குச் செல்லலாம். அங்கே கடற்போரில் மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் உள்ளன; துடுப்பு வலிக்கும் மரக்கலங்கள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. நடுகல் மரபில் வந்த நம் கண்ணுக்கு அவை அயலாகத் தோன்றமாட்டா.

ஏதென்ஸ் நகரத்தார் கொண்டாடிய தீசியுசும் பீமதேவனை ஒத்தவனே. அட்டிகா நாட்டில் சிதறிக் கிடந்த சிற்றூர்களை ஒன்றுசேர்த்து, ஒரே அவையின்கீழ்க் கொணர்ந்தவன் அவன் என்பது மரபு. அந்த ஒருங்கிணைவை ஆண்டுதோறும் விழா எடுத்து நினைவுகூர்ந்தனர் என்று தூசிடைடீஸ் எழுதியுள்ளார். ஏழு தீவுகள் ஒன்றாகி மும்பை ஆன வரலாற்றை அறிந்த நமக்கு இக்கதை எளிதில் விளங்கும். கி.மு. 475 அளவில் சைமன் என்னும் படைத்தலைவன், ஸ்கைரோஸ் தீவிலிருந்து தீசியுசின் எலும்புகள் என்று கருதப்பட்டவற்றைக் கொணர்ந்து ஏதென்ஸ் நகரின் நடுவில் வைத்தான். அவ்விடம் அடிமைகளுக்கும் எளியோருக்கும் புகலிடமாயிற்று என்று புளூட்டார்க் கூறுகிறார். ஊர் முதல்வனின் சமாதி ஏழைக்கு அடைக்கலம் தருவது எவ்வளவு பொருத்தம்!

தேராத் தீவின் பஞ்சம்

வீரர் கதைகளினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு கதை. அதில் அரக்கனும் இல்லை, வாளும் இல்லை; பஞ்சமே உண்டு.

ஏஜியன் கடலில் தேரா என்று ஒரு தீவு. இன்று சாந்தோரினி என்று பெயர் பெற்று உல்லாசப் பயணிகளை ஈர்ப்பது அதுவே. அத்தீவினர் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நகர் எடுக்க வேண்டும் என்று டெல்ஃபியில் குறி பிறந்தது. அறியாத நாட்டுக்குப் போக அவர்கள் மனம் துணியவில்லை. பின்னர் ஏழாண்டு மழை பொய்த்தது. தீவில் ஒரே ஒரு மரம் தவிர எல்லாம் பட்டுப்போயின என்று எரோடோட்டஸ் வரைகின்றார். வேறு வழியின்றி, உடன்பிறந்தாருள் ஒருவரைத் திருவுளச்சீட்டு முறையில் தெரிந்து, பாட்டஸ் என்பவன் தலைமையில் இரு கப்பல்களில் அனுப்பினர். சென்றவர்கள் சலித்துத் திரும்பி வந்தபோது, தாயூரார் அவர்களைக் கரையில் இறங்க விடவில்லை. எறிந்தும் எய்தும் விரட்டினர். மீண்டும் கடல் கடந்தவர்கள் ஒரு சிறு தீவில் இரண்டாண்டும், எதிர்க்கரையில் ஆறாண்டும் அல்லற்பட்டனர். இறுதியில் அந்நாட்டு லிபியரே அவர்களை அழைத்துச் சென்று ஒரு நீருற்றைக் காட்டி, இங்கே வானம் துளையுடையது, ஆதலால் மழை குறையாது என்று கூறினராம். அங்கே கி.மு. 631 அளவில் சைரீன் நகரம் எழுந்தது. பாட்டஸ் இறந்தபின் அவனை நகரின் நடு மன்றத்திலேயே அடக்கம் செய்து தெய்வமாகப் போற்றினர். பிணத்தை ஊருக்குப் புறத்தே அடக்குவதே கிரேக்கர் வழக்கம். ஊர் முதல்வனுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்நகரின் இடிபாடுகளில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. புறப்பட்ட நாளில் தேராவில் எடுத்த உறுதிமொழி என்று அது தன்னைக் கூறிக்கொள்கிறது. போக மறுப்பவனுக்கு மரண தண்டனை. ஐந்தாண்டு முயன்றும் வாழ வழியில்லையெனில் திரும்பி வரலாம். மெழுகுப் பாவைகளைச் செய்து தீயிலிட்டு, சொல் தவறியவர் இப்பாவைபோல் உருகட்டும் என்று ஆணும் பெண்ணும் சிறுவரும் சூளுரைத்தனராம்.

கதை இங்கு முடியவில்லை. இரண்டு தலைமுறைக்குப்பின் சைரீன் நகரத்தார் மேலும் பல கிரேக்கரை வரவழைத்து நிலத்தைப் பங்கிட்டனர். ஊற்றைக் காட்டிய லிபியரின் நிலமே அவ்வாறு பறிபோயிற்று. அவர்கள் எகிப்து மன்னனிடம் முறையிட, கி.மு. 570 அளவில் போர் மூண்டது. தோற்றவர் லிபியர் பக்கத்தாரே. வழிகாட்டியவரை மறந்த குறையும் சைரீனின் கதையில் இவ்வாறு பதிவாகிவிட்டது.

பிடிமண்

தாராவிக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அரசாங்க விவரச் சுவடி, மும்பையின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. மித்தி ஆற்றின் கழிமுகத்தில் வலை வீசி வாழ்ந்த மீனவர் ஊர் அது. 1737-இல் ஜான் ஹார்ன் ஆளுநராக இருந்தபோது கட்டப்பட்ட காலா கில்லா என்னும் கருங்கோட்டை, இன்றும் வீடுகளுக்கிடையே மறைந்து நிற்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் நகரின் நடுவிலிருந்து விலக்கப்பட்டு இச்சதுப்பு நிலத்திற்கு வந்தது. அத்தொழிலைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்தனர். சௌராட்டிரக் குயவர் வந்து கும்பார்வாடாவை அமைத்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சமும், கடனும், சாதிக் கொடுமையும் எத்தனை குடும்பங்களை வேரோடு பெயர்த்தன என்பதை நாம் அறிவோம். தேராவினர்போல் இவர்களுக்குக் குறி சொல்லத் தெய்வம் இல்லை. உறவினர் எழுதிய ஒரு கடிதமும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. குப்பையும் கல்லும் மண்ணும் கொட்டிச் சேற்றைத் திருத்திக் குடிசை போட்டனர். தாராவியின் முதற் பள்ளிவாசலான படி மசூதி 1887-இலும், பழமையான பிள்ளையார் கோயில் 1913-இலும் எழுந்தன.

கிரேக்கர் புது ஊர் எடுக்கப் புறப்படும்போது தாயூரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துச் செல்வர். அதே நெருப்பைப் புது ஊரின் அடுப்பில் ஏற்றினாலொழிய ஊர் ஊராகாது. நெல்லைச் சீமையில் நமக்கு உள்ள வழக்கம் பிடிமண். சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ வேற்றூரில் பீடம் போட விரும்புவோர், மூலக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்து வந்து அங்கே இடுவர். அதனால் தெய்வம் உடன் வந்துவிடுகிறது. செம்பூர்ச் சேடா நகர்க் குன்றில் முருகனை அமர்த்தியவர்கள் அவ்விடத்தைத் 'திருச்செம்பூர்' என்று அழைத்ததும் அதே மனநிலையே. செந்தூரின் ஒலி செம்பூரில் கேட்கிறது!

மாதுங்காவின் கதை சற்றே வேறு. 1896-இன் கொள்ளைநோய்க்குப்பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டுக் கழகம் தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் தெருக்களை வகுத்தது. அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தென்னாட்டவர் அங்குக் குடிபுகுந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிற்று. 1960-இல் அதன் கல்லூரி சயானில் திறக்கப்பட்டது. எழுத்தர் வீட்டுக் கதை நினைவு மலர்களில் அச்சேறியது. தோல் தொழிலாளர் வீட்டுக் கதை பெரும்பாலும் பாட்டிமார் வாய்மொழியிலேயே நின்றுவிட்டது.

நம்மவர் திருத்திய அச்சேறுதான் கோலியருக்கு மீன் தந்த நீர்வழி. கழி தூர்ந்தது, அவர் தொழிலும் அங்கே அற்றுப்போயிற்று. நம் முன்னோர் வறியவராய் வந்தவர். படை நடத்தி வந்தவர் அல்லர். எனினும் லிபியரின் ஊற்றைப்போல் கோலியரின் கழியும் நம் கதையில் ஓர் அங்கம் என்பதை நாம் சொல்லாமல் விடலாகாது.

பட்டியலில் யார்?

ஊர்க் கதைகள் பழங்கதைகளாகவே நின்றுவிட்டால் கவலையில்லை. ஏதென்ஸில் அவை பட்டியலாயின. கி.மு. 508-இல் கிளைஸ்தனீஸ் என்பவர் குடிமக்களைப் பத்துக் கூட்டங்களாகப் பிரித்தார். நூறு வீரர் பெயர்களை டெல்ஃபிக்கு அனுப்ப, பூசாரிணி பத்தைத் தெரிந்தாள். கூட்டத்திற்கு ஒரு வீரன் முதல்வனானான். அப்பதின்மருள் அயாக்ஸ் ஒருவன் மட்டும் வெளியூரான். அண்டை நாட்டானும் நண்பனும் ஆதலால் அவனையும் சேர்த்தனர் என்கிறார் எரோடோட்டஸ். அப்பத்து வீரர் சிலைகளின் பீடத்தில்தான் நகரின் அறிவிப்புகள் எழுதி மாட்டப்பட்டன.

காலம் மாறிற்று. நாங்கள் இம்மண்ணிலேயே முளைத்தவர்கள் என்னும் பெருமிதம் ஏதென்ஸில் வளர்ந்தது. கி.மு. 451-இல், தாயும் தந்தையும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தாலன்றி மகன் குடிமகனாகான் என்று பெரிக்கிளீஸ் சட்டம் இயற்றினார். சில ஆண்டுகள் சென்றன. எகிப்து மன்னன் ஒருவன் நகர மக்களுக்குத் தானியம் அனுப்பினான். பங்கிடும் வேளையில் யார் உண்மையான குடிமகன் என்னும் விசாரணை எழுந்தது. ஏறத்தாழ 5,000 பேர் பட்டியலிலிருந்து வீழ்ந்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பின்னர்க் கொள்ளைநோயில் தம் மூத்த மைந்தரை இழந்த பெரிக்கிளீஸ், மிலேட்டஸ் நகரத்துப் பெண்ணான அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனைக் குடிமகனாக ஏற்குமாறு அவையோரை இரந்து நின்றார். தாம் எழுதிய சட்டம் தம் வாசலிலேயே வந்து நின்றது.

தாராவி வாசிகளுக்கு இக்கதையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. தாராவியைப் புதுப்பிக்கும் திட்டத்திற்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2000 சனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர் என்று சான்று காட்டுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியலின் பழைய படி ஆகியவற்றைத் தேடி நம்மவர் பெட்டிகளைக் கவிழ்க்கின்றனர். சேற்றைத் திருத்திய பாட்டனுக்குச் சீட்டு இல்லை. மேல்மாடியில் வாழும் பேரனுக்குச் சீட்டு உண்டு, தரை இல்லை. மறுபுறம் கோலிவாடா மக்கள், தம் ஊர் குடிசைப் பகுதியன்று, பழைய ஊர் என்றும், அதன் எல்லையை முறையாக அளந்து குறிக்க வேண்டும் என்றும் வாதாடி வருகின்றனர். முன்னிருந்தவரும் பின்வந்தவரும் ஒரே காலத்தில் தம் ஊர்க் கதையை மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் நிற்கின்றனர்.

இதழில் வரும் கட்டுரையால் யாருக்கும் வீடு கிடைத்துவிடாது. சட்டத்தின்முன் சீட்டே பேசும். ஆதலால் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவோமாக. ஆனால் சீட்டில் எழுத இடமில்லாத செய்திகளும் உள்ளன. பாட்டஸின் பெயரை நாம் அறிவது அவன் சமாதியால் மட்டுமன்று. அவன் மக்கள் பஞ்சத்தையும், தாயூரார் விரட்டியதையும், ஊற்றைக் காட்டியவரையும் மறைக்காது சொல்லி வந்தமையாலும் ஆகும்.

ஆகவே நம் வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள மூத்தோரிடம் பிள்ளைகளை உட்காரச் செய்து, சில வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதனால் புறப்பட்டீர்கள்? தாதரிலோ விக்டோரியா நிலையத்திலோ இறங்கிய அன்று யார் வந்து அழைத்துச் சென்றார்? முதல் இரவு எங்கே தங்கினீர்கள்? தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்? குலதெய்வத்தின் பிடிமண் எப்போது வந்தது? அக்கம்பக்கத்தில் இருந்த கோலியர், குயவர், இசுலாமியர் ஆகியோருள் முதலில் உதவியவர் யார், அவர் பெயர் என்ன? இறுதி வினாவை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிட வேண்டாம்.

தொண்ணூறடிச் சாலையில் ஆண்டுதோறும் தைத்திங்களில் வரிசையாகப் பொங்கற்பானைகள் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். அப்பானைகள் கும்பார்வாடாச் சக்கரத்தில் சுழன்றவையாயின் இன்னும் சிறப்பு. நாரளி பூர்ணிமையன்று கோலியர் கடலுக்குத் தேங்காய் இடும்போது, நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று காட்டுவோம். அத்தென்னையைக் கொணர்ந்தவன் வெளியூரிலிருந்து வந்த ஒரு மன்னன் என்றும், அவனுக்கு முன்பே இக்கடலை அறிந்திருந்தவர் இவர்கள் என்றும் அங்கேயே அவர்களுக்குச் சொல்லலாம்.